பிலார் கடித்த பீச் பழம்

வெர்னன் ஹாகனுக்குத் தூசி என்றால் ஆகாது. பீச் தோட்டங்கள் சூழ்ந்த பாலிசேட் ஊரிலிருந்து பத்து மைல் தள்ளியிருந்த கார் பட்டறையில் பதினெட்டு வருஷம் பெயின்ட் அடித்தவன் அவன். பூச்சு முடிந்த கதவில் ஒரு கொசு வந்து ஒட்டினால்கூட, முழுக் கதவையும் தேய்த்து எடுத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பான். வெர்னன் அடித்த வண்டியில் முகம் பார்த்துத் தலை சீவலாம் என்று ஊரில் சொல்வார்கள். அப்படிச் சொல்வது அவன் காதில் விழும்போது திரும்பிப் பார்க்க மாட்டான். ஆனால் அன்றைக்கெல்லாம் நடையில் ஒரு மிடுக்கு இருக்கும்.

மகள் பிலார் பிறந்த பிறகு அந்த வேலையை விட்டான். மனைவி டெல்ஃபினா கவுண்டி அரசு அலுவலகத்தில் வண்டிப் பதிவு பார்க்கிறவள். குடும்பத்துக்கான மருத்துவக் காப்பீடு அவள் வேலையோடு சேர்ந்து வந்தது. குழந்தையோடு ஒருவர் வீட்டில் இருந்தே ஆகவேண்டும் என்ற நிலை வந்தபோது, அது யார் என்பதை இருவரும் பேசி முடிவு செய்ய வேண்டியிருக்கவில்லை.

பிலார் பதின்மூன்று வாரம் முந்திப் பிறந்தவள். எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. மலைகளைத் தாண்டி டென்வர் ஆஸ்பத்திரியில், கண்ணாடிப் பெட்டிக்குள், நூற்று நான்கு நாள் கிடந்தாள். மூச்சுக்கு ஒரு குழாய், பாலுக்கு ஒரு குழாய். இரண்டும் அசையாமல் இருக்க இரண்டு கன்னத்திலும் டேப் ஒட்டியிருந்தார்கள். சில நாளுக்கொரு முறை அந்த டேப்பைப் பிய்த்துப் புதிதாக ஒட்டுவார்கள். அந்த நேரம் மட்டும் வெர்னன் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொள்வான்.

நாலாம் மாசம் வயிற்றில் சின்னத் துளை போட்டு, சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு மூடி வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றிலிருந்து அவளுடைய சாப்பாடு முழுக்க அந்த வழியாகத்தான். பகலில் நான்கு தடவை, ராத்திரி தூங்கும்போது நீளமாக ஒரு தடவை. இப்போது இருபது மாசம். சோபாவைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். குப்பை லாரி வந்தால் கைதட்டினாள். தொண்டையைப் படமெடுத்துப் பார்த்த டாக்டர்கள், விழுங்குவதில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். ஆனாலும் வாயருகே எதையாவது கொண்டுபோனால் உடம்பு விறைக்கும், தலை பின்னால் போகும், ஓங்கரிப்பு வரும். கரண்டியைக் கண்டாலே போதும்.

சுத்தம் என்பது வெர்னனுக்கு முதலில் தொழிலாக இருந்தது. டென்வரில் அது பக்தியாக மாறியது. முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் அங்கே மகளைத் தொட முடியும். வீட்டுக்கு வந்தபின் முதல் குளிர்காலம் முழுக்க ஒருவரையும் உள்ளே விடவில்லை. கதவுப் பிடிகளைத் துடைத்தான், பொம்மைகளைத் துடைத்தான், மகளின் முகத்தையும் கையையும் ஒரு நாளைக்கு நாற்பது தடவை துடைத்தான். அந்தக் குளிர்காலத்தில் பிலாருக்கு ஒரு காய்ச்சல்கூட வரவில்லை. அதை அவன் மறக்கவில்லை. தன் தோளில் எப்போதும் கிடந்த அந்த ஈரத் துணிதான் மகளை உயிரோடு வைத்திருக்கிறது என்று உள்ளுக்குள் நம்பினான்.

ஜூலைக் கடைசியில் ட்ரூடி வந்தாள். சாப்பிடத் தெரியாத பிள்ளைகளுக்குச் சாப்பிடப் பழக்குவது அவள் வேலை. அறுபது வயதிருக்கும். தோட்டத்து பூட்ஸ், ஆண்பிள்ளைக் கைக்கடிகாரம். செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு வந்து, சமையலறை மூலையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எப்பவும் எப்படிச் செய்வீங்களோ அப்படியே செய்யுங்க. நான் இல்லேன்னு நெனச்சுக்குங்க."

வெர்னன் பிலாரை உயரமான நாற்காலியில் உட்கார்த்தி வார் போட்டான். வெண்ணெய்ப் பழத்தை மசித்து வைத்திருந்தான். கரண்டி நுனியில் கொஞ்சம் எடுத்து, பாட்டுப் பாடிக்கொண்டே கொண்டுபோனான். பிலார் உதட்டை இறுக்கினாள். கரண்டி உதட்டைத் தொட்ட மறுகணம், அவன் இன்னொரு கையிலிருந்த துணி கன்னத்தை ஒற்றி எடுத்துவிட்டது. மறுபடி கரண்டி, மறுபடி துணி. நாலாவது தடவை பிலார் ஓங்கரித்து, காலையில் இறங்கிய பால் முழுவதையும் வெளியே தள்ளினாள். அரை நிமிஷத்தில் வெர்னன் மேஜை, நாற்காலி, குழந்தை மூன்றையும் பளிச்சென்று ஆக்கிவிட்டான்.

"தினம் இப்படித்தான்" என்றான்.

ட்ரூடி குழந்தையை இறக்கிவிடச் சொன்னாள். பிறகு கேட்டாள்:

"நீங்க மத்தியானம் என்ன சாப்பிடுவீங்க?"

"நானா? சாண்ட்விச்."

"இப்பவே செஞ்சு எடுத்துட்டு வந்து உக்காந்து சாப்பிடுங்க."

ஏனென்று புரியாமல் வெர்னன் செய்து எடுத்து வந்தான். முதல் வாய் கடித்தான். ட்ரூடி அவன் தோளிலிருந்த துணியை எடுத்து, எட்டி, அவன் வாயைத் துடைத்தாள். துணி சில்லென்று இருந்தது. அவன் திடுக்கிட்டு, பிறகு சிரித்து வைத்தான். இரண்டாவது வாய். மறுபடி துடைத்தாள். மூன்றாவது வாயைக் கடிக்கும்போதே அவன் கண் அவள் கையைப் பார்த்தது. நாலாவது தடவை சாண்ட்விச்சைத் தட்டில் போட்டான்.

"என்னங்க பண்றீங்க?"

"கடுகு சாஸ் ஒட்டியிருந்துச்சு."

"ஒட்டினா நான் தொடச்சுக்குவேன்."

"சரி, மிச்சத்தைச் சாப்பிடுங்க."

"வேணாம். பசி போயிடுச்சு."

ட்ரூடி துணியை மடித்து மேஜையில் வைத்தாள். "உங்களுக்கு நாலு வாய்ல பசி போயிடுச்சு. அவளுக்கு இருபது மாசமா இதான் நடக்குது. டென்வர்ல இருந்தப்ப அந்தக் கன்னத்துல எத்தனை வாட்டி டேப் பிச்சிருப்பாங்க?"

"எண்ணல."

"அவ உடம்பு எண்ணி வெச்சிருக்கு. மொகத்துக்கு நேரா ஒரு கை வந்தா வலிக்கும்னு அதுக்குத் தெரியும். நீங்க பாசமாத்தான் தொடைக்கிறீங்க. அது அவளுக்குத் தெரியாதில்ல."

வெர்னன் சாண்ட்விச் தட்டைத் தள்ளிவைத்தான். காது சிவந்திருந்தது.

"இந்த வீட்ல யாராவது வாய் வழிய, கை வழியச் சாப்பிட்டு அவ பாத்திருக்காளா?"

"நாங்க என்ன காட்டுமிராண்டிகளா?"

"அதான் பிரச்சினை" என்றாள் ட்ரூடி. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எழுந்தாள். "பீச் சீசன் ஆரம்பிச்சாச்சு. நல்லாக் கனிஞ்ச பழமா எடுங்க. தரையில உக்காருங்க, அவளைப் பக்கத்துல விடுங்க. நீங்க சாப்பிடுங்க. அவளுக்குக் கொடுக்காதீங்க, அவ வாயைப் பாக்காதீங்க, கெஞ்சாதீங்க. கரண்டி கூடாது. துணி கூடவே கூடாது. எல்லாம் முடிஞ்சப்புறம் குளிப்பாட்டிக்கலாம்."

அன்று மாலை டெல்ஃபினா வேலை முடிந்து வந்ததும் வெர்னன் எல்லாவற்றையும் சொன்னான். சாண்ட்விச் கட்டம் வந்ததும் அவள் ஃப்ரிட்ஜில் சாய்ந்து சிரித்தாள்.

"எனக்கு அந்தம்மாவைப் புடிச்சிருக்கு."

"உன் வாயை யாரும் தொடைக்கல, அதான்."

"வெர்ன், நாலு மாசமா கரண்டியும் கையுமா நிக்கிற. ஒரு சொட்டு உள்ள போச்சா? பழம் சாப்பிடறதுல என்ன நஷ்டம்? நம்ம அமாடோகிட்டச் சொல்றேன்."

அமாடோ டெல்ஃபினாவின் அண்ணன். பெரிய பீச் தோட்டம் ஒன்றில் மேஸ்திரி. மறுநாளே ஒரு வாளி நிறைய, சந்தைக்கு ஆகாத அளவுக்குக் கனிந்த பழங்களோடு பின்வாசலில் வந்து நின்றான்.

"பாத்துத் தொடு மச்சான். விரல் பட்டா தோல் கழண்டுடும்."

வெர்னன் ஒரு தட்டு, ஒரு கத்தி, ஒரு காகிதக் கைக்குட்டையோடு வந்து படியில் உட்கார்ந்தான். பழைய படுக்கை விரிப்பு ஒன்றைப் புல்லில் விரித்து, பிலாரை டயப்பரோடு அதில் விட்டிருந்தான். கத்தியால் ஒரு கீற்று அறுத்தான்.

"இது என்ன ஆபரேஷனா?" என்றான் அமாடோ. "கத்தியைக் கீழ போடு. சட்டையைக் கழட்டு. புள்ள பாக்கணும்னா நிமிந்து உக்காரு. குனிஞ்சா அவளுக்கு என்ன தெரியும், உன் வழுக்கைதான் தெரியும்."

வெர்னன் கழட்டினான். நிமிர்ந்து கடித்தான். சாறு நாடியில் வழிந்து, கழுத்தில் இறங்கி, நெஞ்சு முடியில் சிக்கி, தொப்புள் வரைக்கும் போனது. கையில் முழங்கை வரை. அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. துடைக்கச் சொல்லிக் கை துடித்தது. அமாடோ மரத்தில் சாய்ந்து நின்று பார்த்து ரசித்தான்.

"பதினஞ்சு வருஷமா உன்னைத் தெரியும் மச்சான். இன்னிக்குத்தான் மனுஷன் மாதிரி இருக்க."

பிலார் இரண்டு பேருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு புல்லைப் பார்த்தாள்.

இரண்டாம் நாளும் முதுகுதான். மூன்றாம் நாள் பாதி திரும்பினாள். சாறு முழங்கையிலிருந்து சொட்டி விரிப்பில் விழுவதை, ஒவ்வொரு சொட்டாக, மூச்சுப் பிடித்துப் பார்த்தாள். வெர்னன் அவளைப் பார்க்கக்கூடாது என்று வேலியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான். குளவிகள் அவன் மணிக்கட்டைச் சுற்றின. பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர்க் குழாயோடு வேலியருகே வந்தவர், வந்த வேலையை மறந்து நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டார்.

ஐந்தாம் நாள் ஒரு துண்டு நழுவி பிலாரின் பாதத்தில் விழுந்தது. அவள் வீறிட்டாள். வெர்னனின் கை பழக்கத்தில் தோளுக்குப் போனது. தோளில் ஒன்றுமில்லை. பிறகு தன் கையிலிருந்த பழத்தைப் பிழிந்து, தன் பாதத்திலும் விட்டுக்கொண்டான். பாதத்தை ஆட்டினான். பிலார் அழுதுகொண்டே அவன் பாதத்தைப் பார்த்தாள், தன் பாதத்தைப் பார்த்தாள். அழுகை விக்கலாகி, விக்கல் நின்றது. துண்டு பாதத்திலேயே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, கட்டெறும்பைத் தொடுவது போல ஒற்றை விரலால் அதைத் தொட்டாள்.

அன்று மாலை டெல்ஃபினா வண்டியை விட்டு இறங்குவதற்குள் வெர்னன் ஓடிப்போய்ச் சொன்னான். "தொட்டா, டெல்ஃபி. அவளாத் தொட்டா."

எட்டாம் நாள் தட்டில் வைத்திருந்த பழத்தை உள்ளங்கையால் அடித்தாள். ஒன்பதாம் நாள் பிசைந்தாள். வெர்னனுக்கு ஆசை மேலிட்டது. பத்தாம் நாள், சாறு நனைந்த அவள் விரலை மெதுவாகப் பிடித்து, அவள் உதட்டுப் பக்கம் நகர்த்தினான். அவ்வளவுதான். பிலார் விறைத்தாள். ஓங்கரித்தாள். வயிற்றிலிருந்தது எல்லாம் வெளியே வந்தது. அதற்குப் பிறகும் வெறும் ஓங்கரிப்பு நிற்கவில்லை. முகம் நீலம் பாரித்தது போல அவனுக்குத் தோன்றியது. அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினான்.

டெல்ஃபினா வந்தபோது வீடு முழுக்கக் கிருமிநாசினி வாடை. பிலார் தூங்கிக்கொண்டிருந்தாள். பழ வாளி குப்பைத் தொட்டியருகே இருந்தது. வெர்னன் தோளில் துணி.

"போதும்" என்றான். "கொழாய் இருக்கு, அது போதும். அவ வளர்றா, நடக்கிறா. எதுக்கு இந்தச் சித்திரவதை?"

"கொழாய் இருந்தா இருந்துட்டுப் போகட்டும். அதைப் பத்தி எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆனா நீ ஏன் விரலைப் புடிச்ச? அந்தம்மா என்ன சொல்லிட்டுப் போனாங்க?"

"கிட்ட வந்துட்டா. இன்னும் ரெண்டு அங்குலம்..."

"அந்த ரெண்டு அங்குலம் அவளோடது, வெர்ன்."

அவன் சோபாவில் உட்கார்ந்தான். சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அவளுக்கு ஒண்ணும் ஆகாம இத்தனை நாள் பாத்துக்கிட்டேன். எங்கயும் ஒரு தூசி விடல. அதான் எனக்குத் தெரியும். வேற எப்படி அவளைப் பாத்துக்கிறதுன்னு எனக்குத் தெரியல."

டெல்ஃபினா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அந்தத் துணியா அவளைக் காப்பாத்துச்சு? நூத்து நாலு நாளும் அந்தப் பொட்டி ஓட்டைக்குள்ள கையை விட்டு அவ தலையைப் புடிச்சுக்கிட்டு நின்னியே. நர்ஸுங்க உன்னைச் சாப்பிடப் போகச் சொல்லித் தொரத்துவாங்க. நான் பாத்தேன்ல. துணி கிணின்னுக்கிட்டு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் அவன் தோளிலிருந்த துணியை எடுக்கவில்லை. அதை அவன் தானாக எடுக்கட்டும் என்று விட்டுவிட்டு, குழாய்க்குப் பால் கலக்கப் போனாள்.

மறுநாள் அவன் பழம் சாப்பிடவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் காலையில் பிலார் பின்கதவுக்குத் தவழ்ந்து போய், கதவைத் தட்டி, அவனைத் திரும்பிப் பார்த்தாள். வெர்னன் தோளிலிருந்த துணியை எடுத்து நாற்காலியில் போட்டான். பிறகு சட்டையைக் கழற்றினான்.

ஆகஸ்ட் மூன்றாம் ஞாயிறு, அமாடோ வேலை பார்க்கும் தோட்டத்தில் மத்தியானச் சாப்பாடு. பெரிய அறுவடை ஓய்ந்ததும் வருஷாவருஷம் நடப்பது. பொட்டலம் கட்டும் கொட்டகையில் நீள மேஜைகளைச் சேர்த்துப் போட்டு, பழம் பறிப்பவர்களும் உறவுக்காரர்களுமாக இருபத்தைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். பச்சை மிளகாய்க் குழம்பு, பீன்ஸ், சுட்ட கோழி, அடுக்கடுக்காய் டார்ட்டியா ரொட்டி. மேஜை நடுவே பழம் குவித்து வைத்திருந்தது.

டெல்ஃபினா அவனை வெள்ளைச் சட்டை போட வைத்திருந்தாள். அவன் பிலாரை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தான். பக்கத்தில் டெல்ஃபினா, எதிரே அமாடோ. சாப்பாடு முடிந்து எல்லோரும் பழத்துக்கு வந்திருந்தார்கள். வெர்னனும் ஒன்று எடுத்து, தோலை உரித்து, பிட்டுக் கொட்டையை எடுத்துப் போட்டான். சட்டையில் சொட்டியது. பார்த்தான், விட்டுவிட்டான்.

அமாடோ கதை சொல்லிக்கொண்டிருந்தான். அந்த வாரம் வந்த புது முதலாளியின் மகன், குளவிக்குப் பயந்து லாரிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்ட கதை. "நான் வெளிய நின்னு கண்ணாடியைத் தட்டறேன். தம்பி, எறங்குங்க, குளவி போயிடுச்சுங்கறேன். அவர் உள்ள இருந்து கையைக் காட்டறார். என்னன்னு பாத்தா, குளவியும் அவரோடதான் உள்ள இருக்கு."

மேஜை முழுக்கச் சிரித்தது. வெர்னன் வாய் நிறையப் பழத்தோடு சிரித்தான். பல மாசத்துக்குப் பிறகு அப்படிச் சிரித்தான். அந்த ஒரு நிமிஷம் மடியில் குழந்தை இருப்பதையே மறந்துவிட்டான்.

அப்போது அவன் மணிக்கட்டை யாரோ இழுத்தார்கள்.

இரண்டு சின்னக் கைகள். குனிந்து பார்த்தபோது பிலார் அவன் கையைத் தன் பக்கம் வளைத்திருந்தாள். பழத்தை மூக்கால் முட்டினாள். அப்படியே கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு வாயைத் திறந்து, மேலே நாலும் கீழே நாலுமாக இருந்த பற்களால் பழத்தையும் அவன் கட்டைவிரலையும் சேர்த்துக் கடித்தாள்.

வெர்னன் அசையவில்லை. விரல் வலித்தது. இழுத்துக்கொள்ளவில்லை. சாறு பிலாரின் நாடியில் வழிந்தது. அவள் முகம் கோணியது, கண்கள் இறுக மூடின, தோள்கள் காது வரை ஏறின. வெர்னன் உள்ளுக்குள் எண்ண ஆரம்பித்தான். ஓங்கரிப்பு வரும், இதோ வரும். வரவில்லை. கண் திறந்தாள். மறுபடி கடித்தாள்.

எதிரே அமாடோ பார்த்துவிட்டான். வாய் பிளந்தது. அவன் ஒரு சத்தம் போடப் போகிறான் என்று தெரிந்ததும் டெல்ஃபினா மேஜைக்கடியில் அவன் முழங்காலை உதைத்தாள்.

"பேசு" என்றாள் உதடு அசையாமல். "எதையாவது பேசிக்கிட்டே இரு."

"வாய்க்கால்ல தண்ணி" என்றான் அமாடோ, குரல் எங்கேயோ போயிருந்தது. "இந்த வருஷம் வாய்க்கால்ல தண்ணி... நல்ல தண்ணி."

அவன் பார்வை போன இடத்தைப் பக்கத்திலிருந்தவர் பார்த்தார். அவரைப் பார்த்து அடுத்தவர் பார்த்தார். அந்தக் குழந்தையின் கதை அங்கே எல்லோருக்கும் தெரியும். மேஜையில் ஒரு நொடி நிசப்தம் விழுந்தது. டெல்ஃபினா எல்லோரையும் ஒரு சுற்று முறைத்தாள். உடனே இருபத்தைந்து பேரும் ஒரே சமயத்தில் வாய்க்கால் தண்ணீரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். ஆமாம், போன வருஷத்தைவிட மேல். மதகு புதுசு. மீன்கூட இருக்காம். யாரும் குழந்தைப் பக்கம் திரும்பவில்லை. ஓரக் கண்ணால் பார்க்காதவரும் ஒருவருமில்லை. பழம் பறிக்கிற ஒரு பெரியவர் தொப்பியை இறக்கி முகத்தை மறைத்துக்கொண்டு, அதன் ஓட்டை வழியாகப் பார்த்தார்.

பிலார் இரண்டு கையையும் பழத்துக்குள் புதைத்திருந்தாள். உள்ளே போனதைவிட வெளியே வந்தது அதிகம். வந்தது வெர்னனின் வெள்ளைச் சட்டையில், கால்சட்டையில், அவன் கைக்கடிகாரத்தின் கண்ணாடியில். அவள் புருவத்தில் ஒரு நார் தொங்கியது. மூக்கில் சாறு குமிழியிட்டது. ஆனால் தொண்டை அசைந்தது. வெர்னன் அதை மிகக் கிட்டத்தில் பார்த்தான். ஒரு தடவை. இன்னொரு தடவை. விழுங்கினாள்.

அந்த நேரம் பார்த்து, கை கழுவப் போயிருந்த ரமோனா அத்தை திரும்பி வந்தாள். டெல்ஃபினாவின் அப்பாவுக்குத் தங்கை. ஆறு பிள்ளை வளர்த்தவள். நடந்தது ஒன்றும் தெரியாது. குழந்தையின் முகத்தைப் பார்த்து, "ஐயோ பாவம், என்ன கோலம் இது, யாரும் பாக்கலையா" என்று சொல்லிக்கொண்டே மேஜையிலிருந்த நாப்கினை உருவி, தண்ணீர்க் கோப்பையில் நனைத்து, குனிந்தாள்.

பிலார் வரும் கையைக் கண்டாள். அவள் தாடை நின்றது. உடம்பு விறைக்கத் தொடங்கியதை வெர்னன் தன் மடியில் உணர்ந்தான்.

அவனுடைய இன்னொரு கை எப்படி அவ்வளவு வேகமாகப் போனதென்று பிறகு யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. நாப்கின் குழந்தையின் கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. அத்தையின் மணிக்கட்டு அவன் பிடியில்.

"தொடைக்காதீங்க அத்தை" என்றான் மெதுவாக.

"என்னடா இது, புள்ள மொகமெல்லாம்..."

"இருக்கட்டும். அழகா இருக்கா. வேணும்னா என் மூஞ்சியைத் தொடைங்க."

அத்தை அவனை ஏற இறங்கப் பார்த்தாள். முகம், கழுத்து, சட்டை, எல்லாம் மஞ்சள் சாறு. துடைக்காதே என்று சொல்வது யார் என்பது அவளுக்கு மெல்லப் புரிந்தது. போன கிறிஸ்துமஸுக்கு அவள் கொண்டுவந்த பொம்மையை வாசலிலேயே வாங்கி, அவள் எதிரிலேயே மருந்து போட்டுத் துடைத்தவன் இவன். பிலாரின் வாயைப் பார்த்தாள். அது அசைந்துகொண்டிருந்தது. அத்தையின் கண் நிரம்பியது. நனைந்த நாப்கினால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"என்னப்பா பேசிட்டிருந்தீங்க" என்றாள் மேஜையைப் பார்த்து.

"வாய்க்கால் தண்ணி" என்றார்கள் நாலைந்து பேர்.

"நல்ல தண்ணி" என்றாள் அத்தையும்.

பிலார் தன் கன்னத்தருகே ஒன்றும் வரவில்லை என்று உறுதி செய்துகொண்டாள். பழத்தில் மிச்சமிருந்ததை உறிஞ்சினாள். வெர்னனின் உள்ளங்கையை நக்கினாள். அது காலி. அவனை நிமிர்ந்து பார்த்து, இரண்டு கையின் விரல் நுனிகளையும் ஒன்றோடொன்று முட்டினாள். இன்னும் வேண்டும் என்பதற்கு டெல்ஃபினா கற்றுக்கொடுத்திருந்த சைகை அது. அதுவரை ஊஞ்சலுக்கு மட்டுமே செய்திருந்தாள். சாறு ஒட்டிய விரல்கள் பிசுக் பிசுக்கென்று சத்தமிட்டன.

வெர்னனால் அதற்குமேல் முடியவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வர, பழக் கையோடு மூக்கைத் தேய்த்துக்கொண்டான். "பழம்" என்றான். "யாராவது ஒரு பழம் குடுங்க."

இருபத்தைந்து கைகள் நீண்டன. அமாடோ மேஜை மேலேயே ஏறிவிட்டான். அதற்குமேல் அவனை உதைத்தும் பயனில்லை. தொப்பியைக் கொட்டகைக் கூரைக்கு எறிந்து, மலைக்குக் கேட்கிற மாதிரி கத்தினான். மேஜை முழுக்க அதிர்ந்தது. அத்தனை சத்தத்துக்கும் பிலார் பயப்படவில்லை. குப்பை லாரிக்குத் தட்டுவது போல ஈரக் கையைத் தட்டினாள். பக்கத்திலிருந்தவர்கள் மேலெல்லாம் தெறித்தது. அன்று அவள் முக்கால் பழம் சாப்பிட்டாள். அதில் பாதியாவது உள்ளே போயிருக்கும் என்று டெல்ஃபினா சொன்னாள். கொட்டகைக்கு வெளியே போய், யாரும் இல்லாத இடத்தில், ஒரு பீச் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதுவிட்டு வந்து சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை ட்ரூடி வந்தபோது பிலார் பின்வாசல் புல்லில், டயப்பரோடு, கழுத்தளவு பழத்தில் இருந்தாள். ட்ரூடி பூட்ஸோடு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பிலார் அவளைக் கொஞ்ச நேரம் ஆராய்ந்தாள். பிறகு தன் வாயிலிருந்து மென்ற துண்டு ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினாள்.

"இதுக்குச் சம்பளம் பத்தாது" என்றாள் ட்ரூடி வெர்னனைப் பார்த்து. வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள்.

குழாய் உடனே போய்விடவில்லை. பீச் முடிந்து ப்ளம் வந்தது, ப்ளம் முடிந்து பேரிக்காய் வந்தது. அக்டோபரில் பீன்ஸ் தின்றாள், நவம்பரில் டார்ட்டியாவைக் கிழித்தாள். பகல் வேளைப் பால் நாலு மூன்றாகி, மூன்று ஒன்றாகி, ஜனவரியில் ராத்திரிப் பால் செலுத்தும் இயந்திரத்தை நிறுத்தினார்கள். அந்த மாசம் வெர்னன் வாரத்தில் மூன்று நாள் பட்டறைக்குத் திரும்பினான். ஒரு தடவை, அவன் அடித்துக் காயவைத்திருந்த நீலக் கதவில் ஒரு பூச்சி ஒட்டியிருந்ததை முதலாளி காட்டினார். வெர்னன் முழுக் கதவையும் தேய்த்துப் புதிதாகத்தான் அடித்தான். அது வேறு, இது வேறு என்று அவனுக்கு இப்போது தெரிந்திருந்தது.

மார்ச்சில் டாக்டர் அந்தப் பொத்தானைக் கழற்றினார். கண் இமைக்கும் நேரத்தில் வேலை முடிந்தது. துளை தானாக மூடிக்கொள்ளும், கொஞ்ச நாள் பஞ்சு வைத்துக் கட்டினால் போதும் என்றார்.

"இன்னிக்கு என்ன சாப்பிடணும் உனக்கு?" என்று கேட்டார் பிலாரிடம்.

பிலாருக்கு அப்போது நாற்பது வார்த்தை தெரியும். அதில் முப்பது சாப்பாடு. பரிசோதனை மேஜையில் கால்களை ஆட்டிக்கொண்டு, யோசித்து, ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். டாக்டர் அடுத்த அறைக்குப் போக வேண்டியிருந்தது. ஆனாலும் அவள் முடிக்கும் வரை நின்று கேட்டார்.